வேலிக்குக் கீழே போன பந்து

இப்படி உள்ள தள்ளி உக்காருங்க சார். ஜன்னல் ஓரம் எனக்கு வேண்டாம், வளைவுல தலை சுத்தும். இந்தப் பை என் மடியிலயே இருக்கட்டும், கீழ வெச்சா உருண்டுரும். உள்ள கப்பு இருக்கு. காப்பி குடிக்கிற கப்பு இல்லீங்க, ஜெயிச்சவங்களுக்குக் குடுக்கிற கப்பு. பேரு வெட்டறதுக்காகத்தான் காலையில மேட்டுப்பாளையம் இறங்கினேன். கோத்தகிரியில பேரு வெட்ட ஒருத்தர் இருந்தார், அவரும் கடையைச் சாத்திட்டு மகன் வீட்டுக்குப் போயிட்டார்.

பாருங்க. 'முதலிடம் வே. குணசீலன், இரண்டாமிடம் ப. சென்னியப்பன்.' குணசீலன் நான்தான். சென்னியப்பன் எங்க சம்பந்தி, என் பொண்ணோட மாமனார். எழுத்து சுத்தமா விழுந்திருக்கு இல்ல? ஆட்டம் எப்ப முடிஞ்சுதுன்னா கேக்கறீங்க? எங்க முடிஞ்சுது! இன்னைக்குச் சாயங்காலம் நாலரைக்குத்தான் பைனலே. அட, ஏன் சார் சிரிக்கறீங்க? ரெண்டு மாசமா தினம் ஆடறோம், யார் ஜெயிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? இதுக்குன்னு இன்னொருக்கா மலை இறங்கி ஏற முடியுமா, இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு?

வண்டி ஏன் நிக்குது? செக்போஸ்ட்டா? நிப்பாட்டிட்டாங்களா? பலா சீசன் பாருங்க, யானை ரோட்டோரம் வந்திருக்கும். அது போற வரைக்கும் விட மாட்டாங்க. மணி என்ன, மூணே முக்காலா? போச்சு. நாலரைக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிதான். சம்பந்தி முகத்தைத் தூக்கி வெச்சுக்குவார். ஒரு நிமிஷம் காக்க வெச்சாலும் ஆகாது அவருக்கு. ரெவின்யூ இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, ஊரே வாசல்ல காத்துக் கெடந்துதான் அவருக்குப் பழக்கம்.

அந்த போர்டா? கரடி நடமாட்டம், ஜாக்கிரதைன்னு போட்டிருக்கு. ஆமா, எங்க பக்கமும்தான். இந்த வருஷம் கொஞ்சம் அதிகம். எங்க வீட்டுக்குப் பின்னாடியே இருக்குதுன்னா பாத்துக்குங்க. அதை அப்புறம் சொல்றேன், முதல்ல ஆட்டத்தைச் சொல்லிடறேன்.

கோல்ஃப் மாதிரிங்க. மாதிரிதான். அதுக்கு மலை மலையா இடம் வேணும், எனக்கு இருக்கிறது வீட்டுக்குப் பின்னாடி பத்து சென்ட் சரிவு. ஏழு பால் பவுடர் டப்பாவை வாய் மட்டும் தெரியற மாதிரி மண்ணுல புதைச்சிருக்கேன். ஒவ்வொண்ணுக்குப் பக்கத்துலயும் ஒரு மூங்கில் குச்சி, குச்சியில என் சம்சாரத்தோட பழைய சேலைத் துண்டு. கிளப்புல கழிச்சுப் போட்ட மட்டை ரெண்டு. பந்து மட்டும் அசல் கோல்ஃப் பந்து, கிளப்புப் புதருல கெடந்தது. ஏழு டப்பாவையும் யாரு கம்மியான அடியில முடிக்கறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. அவ்வளவுதான், இதுல புரியாதது ஒண்ணும் இல்லை.

நான் முப்பத்தொரு வருஷம் ஒரு கோல்ஃப் கிளப்புல கிளார்க்கு. எந்த கிளப்புன்னு பேரு வேண்டாம். மெம்பருங்க ஆடுவாங்க, நான் ஸ்கோர் கார்டை வாங்கி நோட்டுல ஏத்துவேன். அத்தனை வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட நான் மட்டையைப் புடிச்சு அடிச்சதில்லைங்க. ஸ்டாஃபு புல்லுல கால் வெக்கக் கூடாது. ஆபீஸ் ஜன்னல் வழியாப் பார்க்கலாம். பார்த்தேன். பெரிய பெரிய மனுஷனெல்லாம் பந்து புதருக்குள்ள போச்சுன்னா ஷூ முனையால சத்தமில்லாம ஒரு தட்டு தட்டி வெளிய தள்ளிக்குவான். ஆறு அடி அடிச்சவன் நாலுன்னு சொல்லுவான், நான் நாலுன்னு எழுதுவேன். ஆழமான புதருன்னா கேடிங்கதான், அதாங்க, மட்டைப் பையைத் தூக்கிட்டு வர்ற பசங்கதான் இறங்கித் தேடணும். கை காலெல்லாம் முள்ளு கீறி ரத்தமா ஏறி வருவாங்க. இவனுங்க மேல நின்னு சிகரெட்டு புடிச்சுக்கிட்டு இருப்பானுங்க.

எனக்கு வயிறு எரியும் சார். அப்பவே முடிவு பண்ணேன், எனக்குன்னு ஒரு இடம் அமைஞ்சா அங்க ரூல்னா ரூலாத்தான் இருக்கணும்னு. தகரத்துல பெயிண்ட் அடிச்சு சமையல்கட்டுச் செவுத்துல வெளிப்பக்கமா மாட்டியிருக்கேன். பந்து விழுந்த இடத்துல இருந்துதான் அடிக்கணும். கையால தொட்டா ஆட்டம் போச்சு. அவனவன் பந்தை அவனவன்தான் தேடணும், ஆள் விடக் கூடாது. இந்த மூணாவது ரூலு நானே போட்டது, எந்த புஸ்தகத்துலயும் கெடையாது.

சம்பந்தி எப்படி என் வீட்லன்னு கேக்கறீங்களா? என் பொண்ணு இந்துமதிக்கு ரெண்டாவது பிரசவம். கோயமுத்தூர்ல பிளாட்டு, ரெண்டே ரூமு. அதுல ஒண்ணுல சம்பந்தி இருந்தார். அவர் வீட்டுக்காரம்மா தவறினதுலருந்து மகன்கூடத்தான். இப்ப என் சம்சாரம் பொண்ணுக்கு ஒத்தாசைக்குப் போகணும், போனா எங்க படுப்பா? மாப்பிள்ளையே ஒரு யோசனை சொன்னார். 'அத்தை இங்க வரட்டும், அப்பா மலை மேல உங்ககூட இருக்கட்டும் மாமா, வெயிலுக்கு அவருக்கும் குளுகுளுன்னு இருக்கும்'னார். சித்திரை ஆரம்பத்துல அவ இறங்கினா, இவர் ஏறினார். இப்ப ஆனி பொறந்தாச்சு. இன்னும் ரெண்டு வாரத்துல குழந்தை பொறந்துரும், இவரும் இறங்கிருவார். அதுக்குள்ள பைனல் முடியணும் இல்ல?

உங்களுக்குப் பொண்ணா சார், பையனா? ரெண்டும் பையனா? அப்ப உங்களுக்குத் தெரியாது. பொண்ணு குடுத்தவன் கதையே வேற. சம்பந்தி வீட்டுக்கு வந்தா நல்ல நாற்காலி அவருக்கு. முதல் தோசை அவருக்கு. டிவி ரிமோட்டு அவர் கையில. அவர் ஒரே ஜோக்கை நாலாவது தடவை சொன்னாலும் நான் சிரிக்கணும். ஒம்போது வருஷமா சிரிக்கறேன். தாடை வலிக்குது. சம்சாரம் தினம் போன்ல, 'ஏங்க, ஆட்டத்துல கொஞ்சம் விட்டுக் குடுங்க, சம்பந்தி மனசு கோணக் கூடாது'ங்கறா. சரி சரிங்கறேன். புல்லுல கால் வெச்சா எனக்குப் பொண்ணு வீடும் கெடையாது, மாப்பிள்ளை வீடும் கெடையாது.

அவர் மேல கோபமா? அட போங்க. கோபமெல்லாம் இல்லை. கல்யாணத்தப்ப ஒண்ணு நடந்துது, சும்மா சொல்றேன். பந்தியில எல்லாரும் உக்காந்திருக்கோம். இவரு சத்தமா, 'சம்பந்திக்கு கிளப்புல என்ன உத்தியோகம்? பந்து பொறுக்கற வேலைங்களா?'ன்னார். பந்தி மொத்தமும் சிரிச்சுது. மாப்பிள்ளை சிரிச்சார். என் பொண்ணு, கழுத்துல மாலையோட, அதுவும் சிரிச்சுது. நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். அதையெல்லாம் நான் மனசுல வெச்சுக்கவே இல்லைங்க. வெள்ளிக்கிழமை, ரெண்டாவது பந்தி, அவர் கையில பாதி அப்பளம் இருந்துது. அன்னைக்கே மறந்துட்டேன்.

கிளம்பிருச்சா? நல்லவேளை. யானை போயிருச்சு போல.

எங்க விட்டேன்? ஆங், ஆட்டம். சம்பந்தி கை முரட்டுக் கை. மெதுவாத் தட்டுங்கன்னா கேக்கவே மாட்டார். ஓங்கி ஒரே அடி. பந்து டப்பாவைத் தாண்டி, சரிவுல உருண்டு, வேலிக்குக் கீழ போயிரும். கீழ ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டம்னு பேருதான், அண்ணன் தம்பி கேஸ்ல எட்டு வருஷமா கெடக்குது. எட்டு வருஷம் கவாத்து பண்ணாட்டி, அதாங்க, வெட்டி விடாட்டி, தேயிலை செடியா நிக்காது, மரமாயிரும். ஆள் உள்ள போனா தலை தெரியாது. அதுக்குக் கீழ ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் காடுதான்.

முதல் தடவை பந்து கீழ போனப்ப, மேல நின்னுக்கிட்டு என்னைப் பார்த்தார். 'யாரையாவது விட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க சம்பந்தி'ன்னார். யாரை? வீட்ல இருக்கிறது நாங்க ரெண்டு பேரு. அப்ப யாரைச் சொல்றாருன்னு எனக்குப் புரியாதா? நான் கோபப்படலையே. மரியாதையாத்தான் சொன்னேன். 'நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, உங்களுக்கு எதுக்குங்க ரூலு? பந்தை விடுங்க, வேற பந்து தர்றேன், இங்கயே வெச்சு அடிங்க. நீங்க ஜெயிச்சதாவே எழுதிக்கறேன்'னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்து போச்சு. 'எனக்கு யாரும் சலுகை காட்ட வேண்டாம்'னு வேட்டியை மடிச்சுக் கட்டினார், இறங்கிட்டார்.

அறுபத்தெட்டு வயசு. இருபது நிமிஷம் தேடினார். ஆளைக் காணோம், செடி ஆடறது மட்டும் தெரியுது. இங்க ஆடும், அப்புறம் அங்க ஆடும். நான் மேல நின்னேன். பொய் சொல்லக் கூடாது சார், நல்லா இருந்துது. சாயங்கால வெயிலு, சில்லுன்னு காத்து. எனக்கு சிகரெட் பழக்கம் இல்லை, இருந்திருந்தா ஒண்ணு பத்த வெச்சிருப்பேன்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்லுவேன். 'பரவாயில்லைங்க சம்பந்தி, கையால எடுத்து வெச்சுக்குங்க, நான் பார்க்கலை.' சொல்லி வாய் மூடறதுக்குள்ள இறங்கிருவார். நாளைக்கே யாராவது வந்து, நீதான் இறங்க வெச்சேன்னு சொல்ல முடியுமா? நான் வேண்டாம்னுதானே சொன்னேன்? நீங்களே சொல்லுங்க.

கரடியா? அதுக்குத்தான் வர்றேன், இருங்க.

மூணு வாரத்துக்கு முன்னாடி மத்தியானம் ஃபாரஸ்ட் கார்டு வந்தார். பெள்ளின்னு பேரு, நல்ல தம்பி. சம்பந்தி சாப்பிட்டுத் தூங்கிட்டு இருந்தார். தினம் ரெண்டு மணியிலருந்து நாலு மணி வரைக்கும் அவருக்குத் தூக்கம். கார்டு என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, 'அண்ணா, உங்க வேலிக்குக் கீழ தேயிலைக்குள்ள கரடி தங்கியிருக்கு. குட்டி ரெண்டு இருக்கு. நாலு மணிக்கு மேல அசைய ஆரம்பிக்கும். குட்டிக்காரி, ஆளைப் பார்த்தா யோசிக்காது, நேரா முகத்துலதான் அடிக்கும். ஒருத்தரும் கீழ இறங்காதீங்க. வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க'ன்னார். நம்பரெல்லாம் போட்ட நோட்டீசு ஒண்ணு குடுத்தார். சொல்லியாச்சுன்னு என்கிட்டக் கையெழுத்தும் வாங்கிக்கிட்டார்.

சொல்லத்தான் இருந்தேன். சம்பந்தி எந்திரிச்சு வந்தார், காப்பி போட்டுக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சுட்டு, 'என்னங்க இது, கழனித் தண்ணி மாதிரி இருக்கு? எங்க இந்துமதி எவ்வளவு நல்லாப் போடும், உங்ககிட்டருந்து கத்துக்கலை போல'ன்னார். எங்க இந்துமதியாம்! சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். என்கிட்ட ஒரு கோல்ஃப் ரூல் புஸ்தகம் இருக்கு, நோட்டீசைப் பத்திரமா அதுக்குள்ள வெச்சேன்.

மறுநாள் யோசிச்சுப் பார்த்தேன். அவருக்கு பிரஷர் இருக்கு. கரடின்னா பயந்துக்குவார். பயந்தா கோயமுத்தூருக்கே போறேன்பார். அங்க போய் எங்க படுப்பார்? நிறைமாசப் பொண்ணு, கூட என் சம்சாரம், மூத்த பேத்தி வேற. அத்தனை பேருக்கும் சிரமம். எல்லாரோட நல்லதுக்கும்தான் சார் நான் வாயைத் தொறக்கலை. அதோட அப்ப அவர் பத்தொம்போது ஆட்டம் ஜெயிச்சிருந்தார், நான் பதினேழு. அந்த நிலைமையில நடுவுல விட்டுட்டுப் போனா ஆட்டத்துக்கு என்ன மரியாதை?

காலையில ஆடலாமேங்கறீங்க. காலையில பனி சார். புல்லு ஈரமா இருந்தா பந்து நேரா ஓடாது. உங்களுக்கு அந்த நுணுக்கமெல்லாம் தெரியாது.

ரெண்டு நாள் கழிச்சு எங்க பேரிக்கா மரத்துல கிளை ரெண்டு முறிஞ்சு தொங்குது. பட்டையில நகம் கீறியிருக்கு, என் விரலை விட்டா உள்ள போகுது. சம்பந்தி சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, 'காட்டுமாடு வந்திருக்குமோ?'ன்னார். காட்டுமாடு எங்க பக்கம் அடிக்கடி வரும், எல்லாருக்கும் பழக்கம்தான். 'ஆமாங்க, மாடுதான்'னேன். அவரே கேட்டார், அவரே மாடுன்னு சொன்னார், நான் ஆமாங்கன்னேன். இது பொய்யா சார்? சம்பந்தி பேச்சுக்கு மறுபேச்சு பேசக் கூடாதுன்னு என் சம்சாரம்தானே சொல்லி வெச்சிருக்கா?

அடுத்த தெரு மாரியம்மன் கோயில்ல கரடி கதவைப் பேத்துக்கிட்டுப் போய் விளக்குல இருந்த எண்ணெயைக் குடிச்சுட்டுப் போயிருந்துது. பேப்பர்ல போட்டோவோட வந்துது. அந்தப் பக்கத்தை எடுத்து ஜன்னல் கண்ணாடி தொடைச்சேன். கண்ணாடி அழுக்கா இருந்துது, அதான்.

அப்புறம் ஆறாவது டப்பாவை இடம் மாத்தினேன். முன்ன இருந்த இடம் ரொம்ப சுலபம், கண்ணை மூடிக்கிட்டு அடிக்கலாம். இப்ப வேலியிலருந்து மூணு முழம். மெதுவாத் தட்டினா நிக்கும். என் பந்து ஒரு தடவைகூடக் கீழ போனதில்லையே! ஓங்கி அடிக்கறவங்க பந்துதான் போகும். அது அவங்க தப்பா, டப்பா தப்பா? அதுக்கப்புறம் நான் மெல்ல மெல்ல எட்டிப் புடிச்சேன். நேத்தோட சமமாயிருச்சு, இன்னைக்கு யாரு ஜெயிச்சாலும் கப்பு அவங்களுக்கு.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? மூணு வாரத்துல பதினோரு தடவை இறங்கினார். பதினோரு தடவையும் முழுசா ஏறி வந்தாரே! அப்ப கரடி அங்க இல்லைன்னுதானே அர்த்தம்? கார்டுங்க சும்மா எல்லா வீட்டுக்கும் சொல்லிட்டுப் போவாங்க, அவங்க வேலை அது.

ஒரு நாள் மட்டும் சீக்கிரமா ஏறி வந்துட்டார். பந்து கெடைக்கலைன்னார். மூச்சு வாங்குது. 'சம்பந்தி, கீழ யாரோ குறட்டை விடற மாதிரி கேக்குதுங்க'ன்னார். 'ஓடைத் தண்ணிங்க, கல்லுல மோதினா அப்படித்தான் கேக்கும்'னேன். அவரும் சரின்னுட்டார். அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. ஏன்னு தெரியலை. அவர்தான் ரசம் கரைச்சுக் குடுத்தார். 'வயித்துக்கு ஆகலைன்னா ஆட்டத்தை ஒரு நாள் நிறுத்திக்கலாம்'னார். நான்தான் வேண்டாம்னேன்.

மோசமான மனுஷன்னு சொல்ல மாட்டேன் சார். வாய்தான் அப்படி. இன்னைக்குக் காலையில நான் கிளம்பறப்ப இந்தச் சட்டையை அவர்தான் தேய்ச்சுக் குடுத்தார். குடுத்துட்டு, 'அவ போனதுக்கப்புறம் நான் வாய் விட்டுச் சிரிச்சது இந்த ரெண்டு மாசம்தான் சம்பந்தி. மகன் வீட்ல மூலையில உக்காந்துக்கிட்டு இருந்தேன். இனி வருஷா வருஷம் வர்றேன், விரட்டிடாதீங்க'ன்னார். எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டேன்.

அப்பவாவது சொல்லியிருக்கலாம். அதைத்தானே நினைக்கறீங்க? சொல்லியிருக்கலாம்தான். இன்னைக்கு ஒரு ஆட்டம் முடியட்டும், கப்பைக் குடுத்துட்டுச் சொல்லிடலாம்னு இருந்தேன். சிரிச்சுக்கிட்டே சொல்லிடலாம், 'நல்லவேளைங்க, தப்பிச்சீங்க'ன்னு. அவரும் சிரிப்பார்.

இருங்க, போன். அவர்தான்.

ஹலோ! சொல்லுங்க சம்பந்தி! ஆமா, செக்போஸ்ட்டுல நிப்பாட்டிட்டாங்க. இப்ப அரவேணு தாண்டிட்டேன், இன்னும் கால் மணி நேரம். என்னது? சத்தமாப் பேசுங்க. பழகிக்கிட்டு இருக்கீங்களா? ஆறாவது டப்பாவுலயா? மூணுமா போயிருச்சு? அட... அப்படியா? கன்னுக்குட்டியா? ம். ம். சரிங்க. சரிங்க சம்பந்தி.

வெச்சுட்டார்.

ஒண்ணுமில்லை சார். நான் வர லேட்டாகுதுன்னு தனியா அடிச்சுப் பழகியிருக்கார். மூணு பந்தும் வேலிக்குக் கீழ போயிருச்சாம். நான் வந்ததுக்கப்புறம் அவருக்காகக் காத்துக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு, இப்பவே இறங்கி எடுத்து வெக்கறாராம். அப்புறம், கீழ செடிக்குள்ள ஏதோ கன்னுக்குட்டி கத்துதாம். தாயை விட்டுட்டு முள்ளுல மாட்டிக்கிச்சு போல, பாவம், பார்த்துட்டு வந்துடறேன்னார்.

விடுங்க சார், கையை விடுங்க. எல்லாரும் பார்க்கறாங்க. எனக்குத் தெரியாதா? அது கன்னுக்குட்டி இல்லைன்னு எனக்குத் தெரியாதா?

சொல்லுன்னா என்னன்னு சொல்றது? 'அது கரடிக்குட்டி, மேல வந்துருங்க'ன்னு சொல்லலாம். அடுத்து அவர் என்ன கேப்பார்? 'உங்களுக்கு எப்பருந்து தெரியும்?'னு கேப்பார். கேப்பாரா மாட்டாரா? ரெவின்யூல இருந்தவரு சார், தேதியோட கேப்பார். கார்டு வீட்டுக்கு வந்தா என் கையெழுத்தைக் காட்டுவார். அதுக்கப்புறம் நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நிப்பேன்? மாப்பிள்ளைக்குத் தெரியும். சம்சாரத்துக்குத் தெரியும். என் பொண்ணு அந்த வீட்லதானே வாழணும்?

கார்டு நம்பரு நோட்டீசுலதான் இருக்கு. நோட்டீசு வீட்ல. பக்கத்து வீடும் பூட்டிக் கெடக்குது, கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. வேற யாரு நம்பரும் என்கிட்ட இல்லை.

நீங்க பேசறீங்களா? ஆமா, நீங்க பேசுங்க. ஃபாரஸ்ட் ஆபீஸ்லருந்து பேசறேன்னு சொல்லுங்க. இப்பத்தான் தகவல் வந்துச்சுன்னு சொல்லுங்க. என் பேரை எடுக்காதீங்க. உங்க போன்லருந்து போடுங்க, என்னுதுன்னா பேரு காட்டிரும். டவர் இல்லையா? ஒரு கோடுகூட இல்லையா? சரி, சரி, என்னுதுலயே போடறேன். பேரு காட்டினாக் காட்டட்டும். நானே சொல்லிடறேன். என்ன வேணா கேக்கட்டும்.

அவருக்கு ஒண்ணும் ஆகணும்னு நான் நினைக்கலை சார். சாமி சத்தியமா இல்லை. ஒரு தடவை அவர் பயந்து அலறிக்கிட்டு ஓடி வரணும், நான் மேல நின்னு பார்க்கணும். அவ்வளவுதான் நினைச்சேன். ஒரே ஒரு தடவை.

ரிங் போகுது. எடுப்பார். எப்பவும் உடனே எடுத்துருவார். காது கொஞ்சம் மந்தம், அதனால சத்தத்தை முழுசா ஏத்தி வெச்சிருக்கார், ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும். எடுங்க சம்பந்தி. எடுங்க.

என்ன சொல்றீங்க? கட் பண்ணவா? ஏன் கட் பண்ணச் சொல்றீங்க?

ஐயோ. அந்தச் செடிக்குள்ள, குட்டிக்குப் பக்கத்துல போய் போன் இப்படி அடிச்சா... ஐயோ, ஆமா சார்.

கட் பண்ணா அவருக்கு எப்படிச் சொல்றது? விட்டா தாய்க்கரடி எந்திரிச்சுருமே. எனக்கு ஒண்ணும் ஓடலை சார். இன்னும் அடிச்சுக்கிட்டேதான் இருக்கு. சொல்லுங்க சார், கட் பண்ணட்டுமா, விடட்டுமா?